ஓடு இறக்கின வீடு

மார்கழியில் எங்களுக்கு வேலை இல்லை. கலியாணம் வைக்காத மாதம். வவுனியாவில் கலியாணப் படம் எடுத்துப் பிழைக்கிற என்னைப் போன்றவர்கள் அந்த ஒரு மாதத்தில்தான் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதும், கிழிந்த கமராப் பையைத் தைக்கக் கொடுப்பதும். அப்படியொரு மார்கழியில் ஒரு சோடி வந்தது. மாசியில் கலியாணம். பொம்பிளைக்கு ஒரே ஓர் ஆசை: முன்கூட்டியே எடுக்கிற படங்களுக்கு “அன்ரிக் லுக்” வேண்டும். ஹோட்டல்காரர் கட்டிவைத்த போலிப் பழமை வேண்டாம், உண்மையாகவே கைவிடப்பட்ட ஒரு கிராமத்து வீடு வேண்டும் என்றார்.

வன்னியில் பாழடைந்த வீட்டுக்குப் பஞ்சமா என்று நானும் நினைத்தேன். தேடத் தொடங்கின பிறகுதான் தெரிந்தது, பாழடைந்த வீடு வேறு, பழைய வீடு வேறு. எங்கள் ஊர்களில் முன்பு பெரும்பாலும் மண்வீடுதான். கூரைக்கு வைக்கோலோ கிடுகோ. ஆட்கள் விட்டுப் போய் நாலு மாரி அடித்தால் அது திரும்ப மண்ணாகிவிடும், படமெடுக்க ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சி நிற்கிறதில் அநேகம் எண்பதுகளுக்குப் பிறகு கட்டின சீமெந்துக்கல் வீடுகள். அவற்றில் சோகம் இருக்கும், பழமை இருக்காது. நாற்சாரும் தூணும் திண்ணையுமாகக் கட்டின வீடு வசதியான கமக்காரருக்கும் விதானைமாருக்கும்தான் வாய்த்தது. அதில் போருக்குத் தப்பினது எத்தனை? ஒரு கிழமை மோட்டார் சைக்கிளில் அலைந்தேன்.

கடைசியில் வழி சொன்னவர் ஒரு லான்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) சாரதி. புளியங்குளத்தில் திரும்பி, நெடுங்கேணி தாண்டி, ஒட்டுசுட்டானுக்கு வந்து, கற்சிலைமடுவில் வன்னியின் சிற்றரசன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக 1803ஐப் போட்டு வெள்ளைக்காரன் நட்ட கல்லின் கதை இருக்கிறதே, அந்தப் பக்கத்தையும் கடந்து முள்ளியவளை நோக்கிப் போகிற வழியில் உள்ளே ஒரு ஒழுங்கை. ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். காரணம் பிறகு வரும்.

போய்ச் சேர்ந்தது காலை 11 மணிக்கு. முதல் பிழை அது.

வீடு கிழக்குப் பார்த்தது. முன்னுக்கு ஆறு தூண் வைத்த திண்ணை. தூண்கள் செங்கல்லில் உருட்டிக் கட்டி மேலே சுண்ணாம்புச் சாந்து பூசினவை. வாசலில் ஆள் உயரத்துக்கு மேலே போகிற முதிரை நிலை, கதவு இல்லாமல். நிலைக்கு மேலே சாந்தில் புடைத்து எழுதின வருசம். 193 மட்டும் தெரிகிறது, நாலாவது இலக்கம் உடைந்து போய்விட்டது. உள்ளே நடுமுற்றம், சுற்றிவர நாலு விறாந்தை, கூரை இல்லை. சுவரில் நீலம் கலந்து அடித்த வெள்ளை ஆங்காங்கே மேகம்போல நிற்கிறது. எனக்குக் கை பரபரத்தது. அரை மணித்தியாலத்தில் 140 படம் எடுத்தேன். அவ்வளவும் குப்பை. மழை விட்ட வானம் பளீரென்று வெள்ளை, சுவர் பளீரென்று வெள்ளை, நிழலெல்லாம் தார் ஊற்றினதுபோலக் கறுப்பு. கண்ணுக்குத் தெரிந்த சொரசொரப்பில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை.

எடுத்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் ஒரு குரல்.

“எந்தக் கந்தோரில இருந்து வாறியள் தம்பி?”

எழுபது வயசு மதிக்கலாம். கையில் கத்தி; பூவரசு வேலிக்கு கதியால் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். வளவின் பின்பக்கம் வீட்டுத்திட்ட வீடு ஒன்று இருந்ததை நான் கவனிக்கவே இல்லை. “கைவிட்ட வீடு” என்று நான் நினைத்ததை 30 யார் தள்ளி இருந்து ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“கந்தோர் இல்லையம்மா. நான் ஸ்ரூடியோக்காரன். வவுனியா.”

“பலகை நடுற ஆக்களோ எண்டு நினைச்சன்.”

எந்தப் பலகை என்று வன்னியில் இருக்கிறவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: தொல்பொருள் திணைக்களத்தார் நடுகிற பலகை. பழைய இடத்தில் கமராவோடு ஒருவன் நின்றால் இங்கே முதலில் வருகிற எண்ணம், இந்தக் காணி இனி எங்களுடையது இல்லையோ என்பதுதான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: தொல்பொருள் சட்டத்தில் புராதனச் சின்னம் என்றால் பொதுவாக 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டதாக இருக்க வேண்டும், கண்டி வெள்ளைக்காரன் கைக்குப் போன நாள் அது, உங்கள் வீடு 193 ஏதோ, பயப்படாதேங்கோ என்று. அவர் சிரித்தார். “அப்ப இன்னும் நூற்றிருபத்தைஞ்சு வருசம் முந்திக் கட்டியிருந்தாத்தான் பிரச்சினை.” அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி வந்தது.

கேட்காமல் வளவுக்குள் போனது இரண்டாவது பிழை. முதலாவதே அதுதான் என்றும் சொல்லலாம். கதவில்லாத வீட்டுக்கும் உரித்துக்காரர் இருப்பார். பக்கத்து வளவிலோ, கனடாவிலோ, கிளிநொச்சியில் பிள்ளை வீட்டிலோ. முதலில் பக்கத்து வீட்டுப் படலையில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் கிராம சேவையாளரிடம். கமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்கவேண்டும், கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அல்ல. இது மரியாதைக்காக மட்டும் சொல்வதில்லை. அந்த அம்மா கூட்டிக்கொண்டு போயிருக்காவிட்டால் நான் அன்றைக்குக் கிணற்றுக்குள் கிடந்திருப்பேன். வீட்டின் வடபக்கம் முழுக்க நாயுண்ணிப் பற்றை. முழுவீட்டையும் ஒரே படத்துக்குள் கொண்டுவர நான் பின்னுக்குப் பின்னுக்கு நடந்துகொண்டிருந்தேன். கண் கமராவுக்குள். “நில்லுங்கோ!” என்று கத்தினார். இரண்டு எட்டுப் பின்னால் கட்டு இடிந்த கிணறு, விளிம்பு வரைக்கும் புல்.

அன்றிலிருந்து எனக்கொரு வழக்கம். முதல் அரை மணித்தியாலம் கமராவைத் தொடுவதில்லை. கையில் ஒரு நீளத்தடி. தட்டித் தட்டி ஒருதரம் சுற்றி வருவது. தடி பாம்புக்கும் ஆகும், கிணற்றுக்கும் ஆகும். இடிபாட்டுக் கல்லிடுக்கில் புடையன் படுத்திருந்தால் தானாக விலகாது, ஆகவே முழங்காலுக்குக் கீழே மூடின சப்பாத்து. மிதிவெடி விசயத்தில் நம்முடைய கெட்டித்தனம் ஒன்றும் செல்லாது. துப்புரவாக்கின காணியா என்று ஊராரைக் கேட்பது, மாடு போய்வருகிற ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்காமல் இருப்பது, சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் திரும்புவது, துருப்பிடித்த எதையும் “அன்ரிக்” என்று குனிந்து எடுக்காமல் இருப்பது, சந்தேகமான சாமான் கண்டால் 119க்குச் சொல்வது. ஒரு கதவின் மேல்விளிம்பில் குளவிக் கூடு இருந்ததை நான் தடியால் தட்டிப் பார்க்காமல் விட்டதன் பலனை என்னோடு வந்த பெடியன் பிறகொரு நாள் அனுபவித்தான். அம்மா சுண்ணாம்பு பூசினார். நல்லவேளையாக மாஞ்சோலை ஆஸ்பத்திரி கிட்ட.

சோடியின் விசயம் தேத்தண்ணியோடேயே முடிந்துவிட்டது. கேட்டதும் அம்மா தலையை ஆட்டினார்.

“படம் நீங்கள் எடுங்கோ. பொம்பிளை மாப்பிளையைக் கொண்டந்து நிப்பாட்டாதேங்கோ. பாழ் வீட்டுக்குள்ள நல்ல காரியம் தொடங்கிறதே மோனை?”

கலியாணப் படம் எடுக்கிற எனக்கு இது முதலில் தோன்றியிருக்க வேண்டும். அந்தச் சோடி பிறகு பழைய வண்டிச் சில்லுத் தொங்கவிட்ட ஓர் உணவகத்தில் படம் எடுத்துச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு வீட்டை விட மனம் வரவில்லை.

அடுத்த கிழமை விடியவே போனேன். விடியவே போவதிலும் வன்னியில் ஒரு சிக்கல். படக்காரர் சொல்கிற பொன்வெயில் நேரமும் யானை நேரமும் ஒன்றுதான். முத்தையன்கட்டுப் பக்கத்தால் தோட்டத்துக்கு வந்துபோகிற யானை, காட்டுக்குள் திரும்புகிற நேரம் விடியப்புறம். இருட்டில் தனிய மோட்டார் சைக்கிளில் போவதை விட்டுவிட்டு முதல் நாளே ஒட்டுசுட்டானில் தெரிந்தவர் வீட்டில் தங்கினேன். காலையில் பால்காரருக்குப் பின்னால் போனேன்.

மார்கழிச் சூரியன் 6.20 போல எழுந்தது. தெற்கே ஒதுங்கித்தான் எழும்பும் அந்த மாதத்தில். எல்லாரும் விடியலில் வீட்டு முகத்தைத்தான் எடுப்பார்கள், நானும் அதைத்தான் நினைத்துப் போனேன். முகத்தில் விழுந்த வெயில் தேன் நிறம், அழகுதான். ஆனால் நேருக்கு நேர் விழுந்ததால் சுவர் சப்பையாகத் தெரிந்தது. சுற்றி வந்து தெற்குச் சுவரைப் பார்த்தபோது நெஞ்சு ஒருக்கால் நின்றது. அந்தச் சுவருக்கு வெயில் சுவரோடு சுவராக உரசிக்கொண்டு வந்தது. முதல் நாள் 11 மணிக்கு வழுவழு என்று கிடந்த அதே சுவரில் ஒவ்வொரு சில்லும், ஒவ்வொரு வெடிப்பும், சாந்து பூசினவரின் தேய்ப்புப்பலகை போன திசையும் எழுந்து நின்றன. கூடவே குழிகள். நூற்றுக்கணக்கான சின்னக் குழிகள். சாந்து உதிர்ந்த இடம் ஒழுங்கில்லாமல், ஓரம் மெலிந்து இருக்கும். இவை நடுவில் ஆழம், சுற்றிவரச் சில்லுப் பறந்த வட்டம். எனக்கு விளங்கிவிட்டது. சுவருக்குப் பக்கத்தில் செல் (எறிகணை) விழுந்திருக்கிறது.

ஆக, நான் எடுக்க வந்த “பழமை”யில் எது காலம் செய்தது, எது போர் செய்தது? அந்தக் கேள்வி வந்த பிறகு வீட்டை வேறு மாதிரித்தான் பார்க்க முடிந்தது. மண்டபத்தின் நடுவே ஒரு வேம்பு நிற்கிறது, அடிமரம் என் தொடையளவு. கூரைக்குக் கீழே வேம்பு வளராது. ஆகவே கூரை போனது மரத்தின் வயசுக்கு முன். பதினைஞ்சு வருசத்துக்கு மேல் மதிப்பிட ஏலாது. உள்சுவரில் கூரை மழையைத் தாங்கின காலத்து நீலம் மிச்சம் இருக்கிறது. நூறு வருசம் மழையில் நின்றிருந்தால் அது இருக்காது. தரையில் கள்ளிக்கோட்டை ஓட்டின் துண்டுகள் கிடந்தன. ஒன்றின் பின்பக்கம் ஆங்கில எழுத்தில் பாதிப்பெயர். அந்த வகை ஓட்டைச் சுடத் தொடங்கியது மங்களூரில் பாசல் மிசன்காரர், 1865இல். பிறகு கள்ளிக்கோட்டையிலும் சுட்டார்கள். தோணியிலும் கப்பலிலும் வந்து இறங்கி, எங்களூரில் மங்களூர் பெயர் மறைந்து கள்ளிக்கோட்டைப் பெயரே நின்றுவிட்டது. ஆனால் ஒரு விசயம் இடித்தது: கூரை செல்லடியில் விழுந்திருந்தால் தரை முழுக்க ஓட்டுச் சில்லு இருக்க வேண்டும். இருந்தது இருபது முப்பது துண்டு.

“ஆரோ கழட்டிக்கொண்டு போட்டாங்கள் போல?” என்று அம்மாவிடம் கேட்டேன். ஆறுதல் சொல்கிற குரலில்தான் கேட்டேன்.

“ஆரோ இல்லை. நாங்கள்தான்.”

2008 கடைசியில் சண்டை கிட்ட வரவர, மனுசன் கூரையில் ஏறி ஓடு ஓடாக இறக்கினாராம். உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு புதுக்குடியிருப்புப் பக்கம். போகிற இடத்தில் ஒரு கொட்டிலாவது போடலாமே என்று. “பெட்டிக்குள்ள ஓடு, ஓட்டுக்கு மேல நெல்லு மூட்டை, அதுக்கு மேல மாமி.” ஓடு எங்கே என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. 2009இல் அந்தப் பாதையில் போனவர்கள் எதையெல்லாம் எங்கெங்கே விட்டார்கள் என்று நானும் மேலே கேட்கவில்லை. திரும்பி வந்தபிறகு வீட்டுத்திட்டத்தில் தந்தது ஐந்தரை இலட்சம் ரூபா. சாமான் விலை ஏறிக்கொண்டு போனது. பழைய குசினிப் பக்கத்தை இவர்களே இடித்து அந்தக் கல்லை அத்திவாரத்துக்குப் போட்டார்கள். நான் “காலம் கரைத்த மூலை” என்று மனசுக்குள் பெயர் வைத்துப் பத்துப் படம் எடுத்த இடம் அது. அலவாங்கு கரைத்த மூலை!

“கதவும் நீங்கள்தானோ?”

“ஓம்.” அதோடு எழும்பி மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்விட்டார்.

இனி, படக்காரர்களுக்காகக் கொஞ்சம். பெரிய கமரா இல்லாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம் என்று சொல்லமாட்டேன். பாதி போனுக்கும் பொருந்தும்.

அகல லென்ஸை மேல்நோக்கிச் சாய்த்தால் தூணெல்லாம் பின்பக்கம் விழுந்துபோகிற மாதிரி வரும். பழைய வீட்டுக்கு இதைவிட அநியாயம் இல்லை. எண்பது தொண்ணூறு வருசம் தூக்குநூலுக்கு நேராக நின்ற தூண் உங்கள் படத்தில் குடித்துவிட்டு நிற்கும். கமராவை மட்டத்தில் வைத்து, தள்ளி நின்று, உயரம் போதாவிட்டால் நீங்கள் உயர வேண்டும். நான் லான்ட்மாஸ்ரர் பெட்டியை ஒழுங்கையில் நிறுத்தி அதன்மேல் ட்ரைபொட் வைத்தேன். வாடகை 1500 ரூபாவும் ஒரு தேத்தண்ணியும். 18 மில்லிமீற்றரில் கிட்ட நின்று எடுத்ததைவிட 35இல் தள்ளி நின்று எடுத்ததில்தான் வீடு வீடாக இருந்தது.

உள்ளே இருட்டு, முற்றத்தில் வெளிச்சம். இரண்டையும் ஒரு படத்தில் பிடிக்கக் கமராவுக்கு ஏலாது. ட்ரைபொட்டில் வைத்து, எஃப் 8, ஐ.எஸ்.ஓ 100, இரண்டு செக்கன் தாமதத்தில் சட்டர். அளவான வெளிச்சத்தில் ஒன்று, இரண்டு படி குறைத்து ஒன்று, இரண்டு படி கூட்டி ஒன்று. பிறகு மூன்றையும் சேர்ப்பது. சேர்க்கும்போதுதான் அநேகர் கெடுக்கிறார்கள். மூலை முடுக்கெல்லாம் பகல்போலத் தெரிந்தால் அது வீடு இல்லை, விளம்பரப் பலகை. இந்த வீடுகள் வெயிலுக்கு ஒளித்துக் கட்டப்பட்டவை. அறைக்குள் இருட்டாக இருப்பதுதான் அவற்றின் குணம். நான் இருட்டை இருட்டாகவே விடுகிறேன், நிலையின் ஓரமும் சுவரின் நீலமும் தெரிந்தால் போதும். போனில் எடுக்கிறவர்கள் முற்றத்து வெளிச்சத்தில் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தை இறக்கி எடுங்கள். அதற்கு முன் போன் லென்ஸைச் சாறத் தலைப்பால் ஒருக்கால் துடையுங்கள், விரல் எண்ணெய்தான் பாதிப் படத்துக்கு மங்கல்.

அந்த நீலம் எனக்கு இரண்டு நாள் வேலை வைத்தது. வைற் பலன்ஸைத் தானியங்கியில் விட்டால் கமரா நீலத்தைப் பிழை என்று நினைத்துத் திருத்தி, சுவரைச் சாம்பல் ஆக்கிவிடும். பகல்வெயிலுக்கு நிலையாக வைத்து, ரோ கோப்பில் எடுத்தபிறகே அம்மா சொன்ன நிறம் வந்தது. தைப்பொங்கலுக்கு முன் ஒவ்வொரு வருசமும் அடிப்பார்களாம். சிப்பிச் சுண்ணாம்பு, ஒரு பிடி உப்பு, நீலம்.

வெளிச்சம் போதாத மூலைக்கு பிளாஷ் அடிக்காமல் ரிஜிபோம் பலகை ஒன்று வைத்திருக்கிறேன். குளிர்சாதனப்பெட்டி வந்த பெட்டிக்குள் இருந்தது, இரண்டடிக்கு மூன்றடி, வெள்ளை. வெயில் விழுகிற இடத்தில் சாய்த்துப் பிடித்தால் இருட்டுக்குள் மெதுவாக வெளிச்சம் தெறிக்கும். ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கின மடிப்பு றிப்ளெக்டர் வீட்டில் கிடக்கிறது.

ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை போகும்போது “செற்” பண்ணச் சாமான் கொண்டுபோனேன்: அரிக்கன் லாம்பு, பித்தளைச் செம்பு, ஒரு பழைய சுளகு. லாம்பை வாசல் நிலையில் தொங்கவிட்டு நல்ல படம் ஒன்று எடுத்தேன். கமராத் திரையில் அம்மாவுக்குக் காட்டினேன். வாயில் சீலைத்தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தார். “அது மாட்டுக்கொட்டில் லாம்பு மோனை. இந்த வாசலில பெற்றோல்மக்ஸ்தான் கொளுவிறது. உங்கட படத்தை மாமா பாத்தாரெண்டா லாம்பை எறிஞ்சுபோடுவார்.” சாமான்களைத் திரும்பக் கட்டினேன். வீட்டில் இல்லாததைக் கொண்டுபோய் வைப்பதில்லை. இருக்கிறதை அரக்குவதும் இல்லை. வேம்பின் சருகைக்கூடக் கூட்டவில்லை.

இத்தனைக்கும் பிறகும் நான் செபியாவில் போய் விழுந்தேன். தெற்குச் சுவர்ப் படத்துக்குப் பழுப்பேற்றிப் பார்த்தேன். பழைய ஸ்ரூடியோக்காரர் செபியா ஏற்றினது அழகுக்கு மட்டுமல்ல. படத்தாளில் உள்ள வெள்ளியை வெள்ளி சல்பைட்டாக மாற்றினால் சீக்கிரம் மங்காது. பழுப்பு நிறம் அதன் விளைவு. எங்களுக்கு இப்போது அது ஒரு பொத்தான். அழுத்தினதும் படம் 1909 மாதிரி ஆகிவிட்டது. முகநூலில் போட்டேன். எல்லாருக்கும் பிடித்தது. பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவன் ரொறன்ரோவில் இருந்து, “சுவரில அம்மைத் தழும்பு மாதிரி எவ்வளவு வடிவு, நூறு வருசப் பழசு” என்று அனுப்பினான். அவனும் 2009இல் இங்கே இருந்தவன். செல்லின் குழியை அவனுக்கே அடையாளம் தெரியாமல் செய்துவிட்டேன். நிறத்தில் பார்த்தால் குழிக்குள் செங்கல் இன்னும் சிவப்பு. காலம் தின்ற இடம் கறுத்து, பாசி பிடித்து இருக்கும். அந்த ஒரு வித்தியாசத்தைத்தான் பழுப்பு அழித்தது. படத்தை எடுத்துவிட்டு நிறத்தோடு திரும்பப் போட்டேன். அதற்கு அவ்வளவு வரவேற்பு இல்லை.

முதல் தடவை போட்டபோது ஊர்ப் பெயரையும் எழுதியிருந்தேன். மூன்றாம் நாள் ஓர் அழைப்பு. பழைய கதவு நிலை, தூண், பெட்டகம் வாங்கி ஹோட்டல்களுக்குக் கொடுக்கிறவராம். “அந்த முதிரை நிலை விலைக்கு வருமோ?” இவர் கேட்டு வாங்குகிறவர். கேளாமல் இரவில் வருகிறவர்களும் இருக்கிறார்கள், புதையல் என்று நடுவீட்டைக் கிண்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரை அழித்தேன், படக்கோப்புக்குள் போன் தானாக எழுதிவைக்கிற இடக்குறிப்பையும் அழித்தேன். இப்போது பகிர்வதற்கு முன் அதுதான் முதல் வேலை.

பொங்கல் கழித்து 12க்கு 18 அங்குலத்தில் ஒரு படம் அச்சடித்து அம்மாவிடம் கொண்டுபோனேன். தெற்குச் சுவரும் முன் தூண்களும் சேர்ந்து வருகிற, என் கணக்கில் ஆக நல்ல படம். நிலை கேட்டவரின் கதையையும் சொன்னேன். சீறுவார் என்று எதிர்பார்த்தேன்.

“எவ்வளவுக்காம்?”

சொன்னேன். கதவில்லாத நிலை என்றபடியால் பாதிதான் தருவாராம் என்றும் சொன்னேன்.

“கதவு இருக்கு” என்றார்.

படத்தைக் கையில் எடுத்து நீட்டிப் பிடித்து, இடப்பக்க ஓரத்தை விரலால் தடவிக்கொண்டு போனார். “பங்கர் எங்க மோனை? இதில பங்கர் இல்லையே.”

தெற்குச் சுவருக்கு முன்னால் புல் மூடின மண்மேடு ஒன்று இருந்தது. ஒவ்வொரு படத்திலும் அது இடைஞ்சலாக வந்தது. ஒவ்வொரு படத்திலும் அதை வெட்டிவிட்டேன். குப்பைமேடு என்று நினைத்திருந்தேன். எல் வடிவத்தில் வெட்டின பதுங்குகுழி, பங்கராம். குண்டு போடுகிற கிபிர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் ஆறு பேரும் அதற்குள். சுவரில் நான் எண்ணின குழிகளை உண்டாக்கின செல் விழுந்தபோது ஆறு பேரும் உள்ளேதான் இருந்திருக்கிறார்கள். மேலே முதலில் பனங்குத்தி, அது காணாதென்று வாசற்கதவின் இரண்டு இறக்கையையும் கழற்றிப் படுக்கவைத்து, அதற்கு மேல் மண் மூட்டை. திரும்பி வந்தபிறகு மூடச் சொல்லி ஆட்கள் சொன்னார்களாம். “மூட மனம் வரேல்ல. மாரியில தண்ணி நிக்கும், தவளை கத்தும். கத்தட்டும்.”

விற்பாரா என்று நான் கேட்கவில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து கதைக்கும்போது கேட்டுப் பார்க்கவேண்டும் என்றார். புதுவீட்டுப் பின்விறாந்தைக்குத் தகரம் போடவேண்டியிருந்தது. பழைய வீட்டை நேசிப்பது வருகிறவர்களுக்குச் சுகம், ஒழுகுகிற வீட்டில் இருக்கிறவர் கணக்கு வேறு. அந்த இடத்தில் எனக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை இல்லை.

பங்கரைப் படம் எடுக்கப் போனது சித்திரையில். மாரித் தண்ணீர் வற்றின பிறகுதான் இறங்க முடியும். அம்மாவின் பேரன் முதல் நாளே தடியால் குத்திப் பார்த்து, தென்னோலை கொளுத்திப் புகை காட்டிவைத்திருந்தான். விடியக் காலையில் போய் நின்றால் குழிக்குள் ஒன்றுமில்லை, கறுப்பு. எட்டு மணிக்கும் கறுப்பு. பக்கச்சாய்வாக வருகிற வெயில் ஆறடி ஆழத்துக்குள் எப்படி இறங்கும்? ட்ரைபொட்டை வைத்துவிட்டு வேம்பின் கீழே இருந்தேன். வருசப்பிறப்பை ஒட்டின அந்த நாட்களில் வன்னியில் சூரியன் உச்சிக்கு நேர் மேலே வரும். மார்கழியில் 11 மணி வெயிலைத் திட்டின அதே நான் 12 மணி எப்போது வருமென்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

12 தாண்டிப் பத்து நிமிசத்துக்குள் வெயில் குழிக்குள் நட்டுக்கு நட்டாக இறங்கியது. மேல்மூடியின் ஒரு பாதி இடிந்து விழுந்திருந்தது. அந்த இடைவெளியால் அடித்தரை வரைக்கும் வெளிச்சம். மறுபாதியைக் கதவு இன்னும் தாங்கிக்கொண்டு கிடந்தது. பனங்குத்தியைக் கறையான் தின்றுவிட்டது, முதிரையை விட்டுவிட்டது. பேரன் ரிஜிபோம் பலகையை எடுத்துக்கொண்டு இறங்கி, வெயில் விழுந்த தரையில் சாய்த்து வைத்தான். நான் குந்தியிருந்து மேலே பார்த்தேன்.

கதவின் முகப்புப் பக்கத்தைக் கீழ்நோக்கி வைத்திருக்கிறார்கள். தாமரை செதுக்கின பக்கம். எட்டு இதழ், நடுவில் பித்தளைக் குமிழ் இருந்த துவாரம், ஓரத்தில் கொடி. வேர்கள் அதன்மேல் வலைபோல ஓடியிருந்தன. எஃப் 8, நாலில் ஒரு செக்கன், ஆறு படம். ஏழாவதுக்கு முன் வெயில் நகர்ந்துவிட்டது.

மேலே ஏறி வந்து திரையைக் காட்டினேன். அம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்துவரப் பேரனை அனுப்பினார். நெடுநேரம் பார்த்தார்.

“முகத்தைக் கீழ வையுங்கோ எண்டு மாமிதான் சொன்னவ. மண் மூட்டை தேய்ச்சு வேலைப்பாடு போயிடுமெண்டு.” பிறகு, “இது எத்தனை அங்குலத்துக்குப் பெரிசாக்கலாம்?” என்று கேட்டார்.